49 நாளில் பிறந்த வண்டி

விடிவதற்கு முன்பே போடியிலும் கம்பத்திலும் ஜீப்புகள் புறப்பட்டுவிடும். ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். எத்தனை பேர் என்று எண்ணக் கூடாது, எண்ணினால் ஆர்.டி.ஓ.வுக்குத்தான் வேலை. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மலையேறி, கேரள எல்லைக்குள் ஆளை இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வரும். இருபது, முப்பது வருடமாக இப்படி ஏறி இறங்கும் வண்டிகள் அந்தப் பக்கம் சாதாரணம்.

அடிவாரத்துப் பட்டறையில் அப்படியொரு ஜீப்புக்கு அடியில் மெக்கானிக் படுத்திருக்கிறார். வெளியே கால் மட்டும் தெரிகிறது.

“என்னண்ணே, கிளம்பும்போது டங்குன்னு ஒரு அடி அடிக்குது?”

“கிராஸ் போச்சுப்பா. கிரீஸ் அடிச்சு எத்தன மாசமாச்சு?”

டிரைவர் பதில் சொல்லவில்லை. ஒரு மணி நேரத்தில் புது கிராஸ் ஏறிவிடும். பொருள் விலை ரூபாயில் மூன்று இலக்கம். மறுநாள் விடிகாலைச் சவாரி தப்பாது.

கூட்டல் குறி மாதிரி இருக்கும் சின்ன இரும்புத் துண்டுதான் கிராஸ். நான்கு முனையிலும் ஊசி பேரிங் பொதிந்த கிண்ணம். என்ஜின் பக்கத்திலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் மடங்கி வளைந்து சுழல்வதற்கான மூட்டு அது. இந்த மூட்டு ஏன் அடிக்கடி போகிறது, போனாலும் ஏன் இவ்வளவு மலிவாகத் தீர்கிறது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தேட, ஜீப் பிறந்த 1940-ம் வருடத்துக்குப் போக வேண்டும்.

அவசரத்துக்குப் பிறந்தது

பிரான்ஸ் ஹிட்லரிடம் விழுந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. அமெரிக்கா இன்னும் போரில் இறங்கவில்லை. ஆனால் வேவு பார்க்கவும் செய்தி கொண்டுபோகவும் குதிரையும் மோட்டார் சைக்கிளும் இனி உதவாது என்பது அதன் ராணுவத்துக்குப் புரிந்துவிட்டது. 1940 ஜூலை 11 அன்று 135 கம்பெனிகளுக்கு அழைப்பு போனது. நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும், முன்கண்ணாடி மடங்க வேண்டும், எடை 1,300 பவுண்டைத் தாண்டக் கூடாது. அதாவது 590 கிலோ. ஒப்பந்தம் கிடைத்த 49 நாளில் முதல் வண்டி ராணுவ வாசலில் நிற்க வேண்டும்.

135-ல் அக்கறை காட்டியவை இரண்டே கம்பெனிகள். வில்லிஸ்-ஓவர்லேண்ட் கூடுதல் நாள் கேட்டது. பென்சில்வேனியாவில் பட்லர் என்ற ஊரிலிருந்த அமெரிக்கன் பாண்டம் மட்டும் முடியும் என்றது. பாண்டம் அப்போது கிட்டத்தட்ட மூடும் நிலையில் இருந்தது. இங்கிலாந்தின் ஆஸ்டின் செவன் என்ற குட்டிக் காரின் வழிவந்த கார்களைச் செய்து விற்றுப் பார்த்து, விலைபோகாமல் தவித்துக்கொண்டிருந்தது. படம் வரைய ஆள்கூட இல்லை.

டெட்ராய்ட்டிலிருந்து கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியாளரைக் கூப்பிட்டார்கள். கையில் காசு தருவதாகச் சொல்ல முடியாத அழைப்பு. முதலில் தயங்கியவர் ஜூலை 17 அன்று பட்லருக்கு வந்து சேர்ந்தார். இரண்டு நாளில் முழு வண்டியின் வரைபடமும் தயார். ஜூலை 22 அன்று விண்ணப்பம் போட வேண்டும். 590 கிலோவில் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி செய்ய முடியாது என்று புரோப்ஸ்டுக்குத் தெரியும். ஆனாலும் படிவத்தில் ராணுவம் கேட்ட வரம்புக்குள்தான் எடை எழுதப்பட்டது. உண்மையில் நின்ற வண்டி ஏறத்தாழ ஒரு டன்னை எட்டிப் பிடித்தது. கல்யாணத் தரகர் வயதைக் குறைத்துச் சொல்வதுபோல எடையைக் குறைத்துச் சொல்லிப் பிறந்த வண்டி ஜீப்.

செப்டம்பர் 23-ம் தேதி மாலை 5 மணி கெடு. புரோப்ஸ்டும் தொழிற்சாலையைக் கவனித்துவந்த ஹரால்ட் கிறிஸ்டும் புது வண்டியைத் தாங்களே ஓட்டிக்கொண்டு பக்கத்து மாநிலமான மேரிலாந்துக்குப் புறப்பட்டார்கள். புது என்ஜின் என்பதால் முதலில் மெதுவாக ஓட்டினார்கள். நேரம் குறையக் குறைய மிதித்தார்கள். ஹோலபேர்ட் ராணுவ முகாமின் வாசலைத் தொட்டபோது கெடுவுக்கு அரைமணி நேரமே மிச்சம்.

கடன் வாங்கிய உறுப்புகள்

49 நாளில் எந்த மனிதனாலும் புது கியர்பாக்ஸ், புது அச்சு, புது என்ஜின் எல்லாம் செய்து முடிக்க முடியாது. எனவே கிடைத்ததை எடுத்துப் பூட்டினார்கள். என்ஜின் கான்டினென்டல் கம்பெனி ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்தது. கியர்பாக்ஸ் வார்னர் கியருடையது. அச்சுகள் ஸ்டூடிபேக்கர் சாம்பியன் என்ற காருக்கு ஸ்பைசர் கம்பெனி செய்துவந்தவை. அவற்றையே மாற்றி அமைத்துக்கொண்டார்கள். சக்தியை முன்னும் பின்னும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஸ்பைசருடையதே.

நம்முடைய கிராஸும் அந்த ஸ்பைசர் வீட்டுப் பிள்ளைதான். மூட்டின் தத்துவம் பழையது. இத்தாலியின் கார்டானோ பெயராலும் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் பெயராலும் வழங்குவது. அதைக் காருக்கு ஏற்றபடி தூசி புகாமல் மூடி, எண்ணெய் தங்கும்படி செய்தவர் கிளாரன்ஸ் ஸ்பைசர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவர், சங்கிலி கோத்து ஓடிய அந்தக் காலத்துக் கார்களின் தொல்லைக்கு மாற்றுத் தேடினார். 1903-ல் காப்புரிமை கிடைத்தது. அடுத்த வருடமே செய்து விற்க ஆரம்பித்துவிட்டார். ஜீப் பிறந்தபோது அந்த மூட்டு கடையில் வாங்கும் சாமானாகிவிட்டிருந்தது.

ஹோலபேர்டில் வண்டியைப் பாதையில்லாத இடமெல்லாம் ஓட்டி உருட்டிப் பார்த்து ராணுவம் திருப்தியடைந்தது. ஆனால் இவ்வளவு சின்னக் கம்பெனியால் லட்சக்கணக்கில் செய்ய முடியாது என்று சொல்லி, பாண்டமின் வரைபடத்தை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் தூக்கிக் கொடுத்துவிட்டது. வில்லிஸில் டெல்மர் ‘பார்னி’ ரூஸ் என்ற பொறியாளர் தங்கள் பழைய 48 குதிரைத்திறன் என்ஜினை 60-க்கு ஏற்றி வைத்திருந்தார். அந்தப் பலம்தான் 1941-ல் வில்லிஸுக்கு ஒப்பந்தத்தை வாங்கித் தந்தது. எடை வரம்பையும் ராணுவம் 2,160 பவுண்டுக்கு உயர்த்தியது. அதற்குள் அடங்க போல்ட்டின் நீளத்தைக்கூட வெட்டினார்கள், பெயின்டின் எடையையும் கணக்கில் எடுத்தார்கள் என்று வாகன உலகில் ஒரு கதை உண்டு. தட்டையான பானெட்டும், கம்பிக்குப் பின்னால் ஒளிந்த விளக்கும் ஃபோர்டு தந்தவை. ஜீப் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்ற சண்டை மட்டும் இன்றுவரை தீரவில்லை.

போர் முடிவதற்குள் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து சுமார் 6.4 லட்சம் ஜீப் செய்தன. ராணுவம் ஒரு நிபந்தனையை விடாமல் பிடித்திருந்தது: வில்லிஸ் வண்டியின் பாகம் ஃபோர்டு வண்டியில் பொருந்த வேண்டும், அது இதில் பொருந்த வேண்டும். குண்டு விழுந்த இரண்டு வண்டியைப் பிரித்து ஓடும் வண்டி ஒன்றைக் கட்ட இருபது வயதுப் பையனால் முடிய வேண்டும். பழைய ஜீப்பைப் பட்டறையில் தூக்கிப் போட்டு ஸ்பேனரும் சுத்தியலுமாகச் சரிசெய்ய முடிவதற்கு வேர் இங்கே இருக்கிறது.

பிறவிக் குணங்கள்

அவசரத்தில் பிறந்ததால் சில குணங்களும் கூடவே வந்தன. ஒன்று, நான்கு சக்கர இழுவை. களத்தில் பிணையல் கட்டிப் போரடிக்கும்போது உள்மாடு குறைவாக நடக்கும், வெளிமாடு நிறைய நடக்கும். வண்டி திரும்பும்போதும் அதே கணக்கு. இடது வலது சக்கரங்களுக்கு இடையில் அந்த வித்தியாசத்தைச் சமாளிக்க டிஃபரன்ஷியல் இருக்கிறது. முன் அச்சும் பின் அச்சும்கூடத் திருப்பத்தில் வேறு வேறு தூரம் போகின்றன. ஆனால் ஜீப்பில் அந்த இரண்டுக்கும் நடுவே எதுவும் கிடையாது. சேற்றில் சக்கரம் சற்று வழுக்கிக் கணக்கைத் தீர்த்துவிடும். காய்ந்த தார் ரோட்டில் நான்கு சக்கர லீவரைப் போட்டபடி வளைத்தால் வழுக்க இடமில்லை. முறுக்கு முழுவதும் ஷாஃப்டிலும் கிராஸிலும் டிரான்ஸ்ஃபர் கேஸ் பல்லிலும் ஏறும். லீவர் திரும்ப வராமல் இறுகிக்கொள்ளும். சில வண்டிகளில் இப்படித்தான் கிராஸ் உடைகிறது. பழுது வண்டியில் இல்லை, லீவர் போட்ட இடத்தில் இருக்கிறது.

இரண்டாவது, மூட்டின் சொந்தக் குறை. சாய்ந்த கோணத்தில் சுழலும் ஒற்றை கிராஸ் ஒரே சீராகச் சுற்றாது. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். அதனால்தான் ஷாஃப்டின் இரு முனையிலும் ஒவ்வொன்று வைத்து, ஒன்றின் ஏற்றத்தை மற்றதன் இறக்கத்தால் சமப்படுத்துகிறார்கள். இரண்டும் ஒரே திசை பார்த்து நிற்க வேண்டும். கிரீஸ் வைக்கக் கழற்றியவர், ஷாஃப்ட் குழாயில் நுழையும் இடத்தில் ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால் போதும், வேகம் பிடித்ததும் வண்டி முழுவதும் அதிரும். சக்கரம் பேலன்ஸ் செய்வார்கள், டயர் மாற்றுவார்கள், என்ஜின் மவுன்டிங்கை மாற்றுவார்கள். அதிர்வு போகாது. ஆயிரக்கணக்கில் செலவான பிறகு யாரோ ஒரு பெரியவர் அடியில் படுத்துப் பார்த்து, கழற்றித் திருப்பி மாட்டுவார்.

மூன்றாவது, வாப்ளிங். நாற்பது, ஐம்பது வேகத்தில் ஒரு குழியில் இறங்கியதும் ஸ்டியரிங் கையில் நிற்காமல் ஆடும், பிரேக்கை மிதித்து நிறுத்தினால்தான் அடங்கும். முழு அச்சாக முன்பக்கம் வைத்த வண்டிகளின் வியாதி இது. முன் சக்கரம் திரும்பும் கிங்பின் பேரிங், ஸ்பிரிங் பட்டையின் புஷ், ஸ்டியரிங் ராடுகளின் முனை ஆகிய இடங்களில் மயிரிழை மயிரிழையாகச் சேரும் ஆட்டம் ஒருநாள் மொத்தமாக வெளியே வரும். பழைய ஜீப்பில் ஸ்டியரிங் அசைவை நடுவில் வாங்கி இருபக்கமும் பிரித்துத் தரும் பெல்கிராங்க் என்ற கொண்டை வேறு தேயும். ஸ்டியரிங் டேம்பர் ஒன்றைப் போட்டு ஆட்டத்தை அமுக்குவார்கள். காய்ச்சலுக்குத் தைலம் தேய்ப்பதுபோல, கொஞ்ச நாள் கேட்கும். தேய்ந்ததைக் கண்டுபிடித்து, பேரிங் அடியில் ஷிம் தகடு வைத்து இறுக்குவதுதான் வைத்தியம்.

ஒரு பழைய ஜீப் பெற்ற பிள்ளை

பழைய வண்டிக்கு ஸ்பேர் கிடைக்காத கவலையிலிருந்தே இன்னொரு பெரிய வம்சம் பிறந்தது. போர் முடிந்தபின் ரோவர் கார் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ் வேல்ஸ் நாட்டு ஆங்கில்சி தீவிலிருந்த தன் பண்ணையில் ராணுவம் கழித்துவிட்ட ஜீப் ஒன்றை வைத்திருந்தார். இது தேய்ந்து போனால் என்ன செய்வாய் என்று அண்ணன் ஸ்பென்சர் கேட்டதாகவும், வேறு கிடைக்காதே, இன்னொரு ஜீப்தான் வாங்க வேண்டும் என்று இவர் சொன்னதாகவும், அங்கிருந்துதான் நாமே செய்தால் என்ன என்ற யோசனை வந்ததாகவும் சொல்வார்கள். 1947-ல் கடற்கரை மணலில் படம் போட்டுக் காட்டினார். முதல் மாதிரி ஜீப்பின் சேஸிஸ் மேலேயே கட்டப்பட்டது. 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் வெளியே வந்தது.

போருக்குப் பின் இங்கிலாந்தில் இரும்பு பங்கீட்டில் இருந்தது. அதனால் மேல் உடம்பை அலுமினியத்தில் செய்தார்கள். அலுமினியம் துருப்பிடிக்காது என்று மகிழ்ந்தால், அடியில் இரும்புச் சேஸிஸ் உள்ளிருந்து அரித்தது. அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்ட இடத்தில் வெள்ளைப் பொடி பூத்தது. இன்றும் அந்தக் காலத்து லேண்ட் ரோவர் வாங்கப் போகிறவர் பெயின்டைப் பார்ப்பதில்லை. சுத்தியலோடு அடியில் படுத்துச் சேஸிஸைத் தட்டிப் பார்க்கிறார். 1948-ன் இரும்புப் பஞ்சம் இப்போதும் பில்லில் ஒரு வரியாக வருகிறது.

பம்பாய்க்கு வந்த பெட்டிகள்

இந்தியாவுக்கு ஜீப் வந்த கதையிலும் பார்னி ரூஸ் வருகிறார். போர்க்காலத்தில் அமெரிக்காவில் இந்தியாவுக்கான கொள்முதல் அலுவலைப் பார்த்துக்கொண்டிருந்த கே.சி. மஹிந்திரா அங்கே ரூஸைச் சந்தித்தார். 1945-ல் அண்ணன் ஜே.சி. மஹிந்திராவும் குலாம் முகமதுவும் சேர ‘மஹிந்திரா அண்ட் முகமது’ என்ற கம்பெனி உருவானது. பிரிவினைக்குப் பின் குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார். 1948-ல் கம்பெனியின் பெயர் ‘மஹிந்திரா அண்ட் மஹிந்திரா’ ஆனது. பிரித்துப் பெட்டியில் அடைத்து வந்த 75 வில்லிஸ் ஜீப்புகளைப் பம்பாயில் பூட்டியதிலிருந்து ஜீப் தொழில் ஆரம்பித்தது. வில்லிஸ் 1953-ல் உயரமான புது என்ஜினுக்காகப் பானெட்டைத் தூக்கி வைத்த சிஜே-3பி என்ற மாடல் அமெரிக்காவில் 1968-ல் நின்றுபோனது. இங்கே அதன் வாரிசுகள் அதற்குப் பின்பும் பல பத்தாண்டு ஓடின.

பெட்ரோல் விலை எகிறிய எழுபதுகளில் டீசல் தேவைப்பட்டபோது இங்கும் கடன் வாங்கினார்கள். கம்பெனி ஏற்கெனவே டிராக்டருக்குச் செய்துவந்த இன்டர்நேஷனல் என்ஜின் ஜீப்பில் ஏறியது. சத்தம் அதிகம், அதிர்வு அதிகம். ஆனால் டிராக்டர் இருந்த ஊரிலெல்லாம் அதற்கு மெக்கானிக் இருந்தார், பக்கத்து டவுனில் ஸ்பேர் இருந்தது. பிறகு பிரான்ஸின் பியூஜோ டீசல் வந்தது. போலீஸ் ஜீப், பி.டி.ஓ. ஜீப், தேர்தல் ஜீப் என்று நம் ஊர் சனங்களுக்குத் தெரிந்ததெல்லாம் இந்த வம்சம்தான். தமிழில் ‘ஜீப்’ என்றால் ஒரு கம்பெனியின் பெயரா? அது கலப்பை, கடப்பாரைபோல ஒரு சாமானின் பெயர்.

ஸ்பேனரிலிருந்து ஸ்கேனருக்கு

அதே நேரத்தில் இன்னொரு கிளை வேறு திசையில் வளர்ந்தது. வில்லிஸ் 1946-ல் முழு இரும்பு உடலுள்ள ஸ்டேஷன் வேகன் செய்து, 1949-ல் அதற்கு நான்கு சக்கர இழுவையும் தந்தது. எஸ்யூவியின் முப்பாட்டன் என்று அதைச் சொல்லலாம். 1970-ல் ரேஞ்ச் ரோவர் வந்தது. பட்டை போய்ச் சுருள் ஸ்பிரிங் வந்தது, முன்பின் அச்சுகளுக்கு நடுவே டிஃபரன்ஷியல் வந்தது. தார் ரோட்டில் முறுக்கேறும் பழைய வியாதி தீர்ந்தது. 1992-ல் அதே வண்டியில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பை ஏறியது. நல்ல ஏற்பாடு, புதிதாக இருக்கும்வரை. ரப்பர் வயதாகும். பை கசியும். கசிந்ததை நிரப்பக் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி அதுவும் சாகும். ஒரு கசிவுக்கு இரண்டு பில். அலுத்துப்போன சொந்தக்காரர்கள் பையைக் கழற்றிவிட்டு இரும்புச் சுருளை மாட்டிக்கொள்வது உலகம் முழுக்க நடக்கிறது.

ஸ்கார்பியோ 2002-ல் வந்ததும், அதற்குப் பின் காமன் ரெயில் டீசல் எல்லா வண்டிக்கும் வந்ததும் நம் ஊரின் திருப்பம். புகை குறைந்தது, இழுவை கூடியது, ஓட்டச் சுகம். ஆனால் இன்ஜெக்டருக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாத துளை. கலப்பட டீசலும் தண்ணீரும் அதற்கு விஷம். மெக்கானிக் காது வைத்துக் கேட்டுச் சொன்ன காலம் போய், ஸ்கேனர் மாட்டிக் குறியீட்டெண்ணைப் படிக்கும் காலம் வந்தது. கிராஸ் மூன்று இலக்கம், கிளட்ச் செட் நான்கு இலக்கம் என்றிருந்த பில்லில் இன்ஜெக்டரும் டர்போவும் ஐந்து இலக்கத்தைக் கொண்டுவந்தன.

பழைய எஸ்யூவி வாங்குகிறவர்கள் கவிழும் இடமும் இதுதான். வண்டியின் விலை வருடா வருடம் இறங்கும். ஸ்பேர் விலை இறங்காது. புதிதில் இருபது லட்சம் விற்ற வண்டி நாலு லட்சத்துக்குக் கிடைக்கலாம். அதன் உதிரிப்பாகங்களுக்கு அது இருபது லட்சத்து வண்டிதான். கூலியும் அப்படியே. சாதாரணக் காரில் கிளட்ச் மாற்றக் கியர்பாக்ஸை மட்டும் இறக்கினால் போதும். நான்கு சக்கர வண்டியில் இரண்டு ஷாஃப்ட், டிரான்ஸ்ஃபர் கேஸ், அதன் லீவர்கள் எல்லாம் கழல வேண்டும். அரசாங்கமும் தன் பங்குக்கு 2022 ஏப்ரல் முதல் 15 வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை ரூ.600-லிருந்து ரூ.5,000 ஆக்கியது.

ஆகையால் வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதல்ல. இதன் பாகம் வேறு எந்த வண்டியில் இருக்கிறது? அந்த வண்டி இன்னும் ரோட்டில் நிறைய ஓடுகிறதா? டிராக்டரோடும் லோடு வண்டியோடும் உறுப்பைப் பகிர்ந்துகொண்ட வண்டிக்கு முதுமை செலவு வைக்காது. தனக்கென்று மட்டும் எல்லாம் செய்துகொண்ட வண்டி தனியாகத்தான் மூப்படையும்.

இந்தக் கதையில் பாவப்பட்டது பாண்டம்தான். முதல் ஜீப்பைச் செய்த அந்தக் கம்பெனிக்கு மூவாயிரத்துக்கும் குறைவான வண்டி செய்யவே வாய்ப்புக் கிடைத்தது. போர்க்காலத்தின் மிச்ச வருடங்களில் அது டிரெய்லர் செய்து பிழைத்தது, அடுத்தவர் செய்த ஜீப்பின் பின்னால் கட்டி இழுக்கும் டிரெய்லர்.

அடிவாரத்துப் பட்டறையில் புது கிராஸ் ஏறியாகிவிட்டது. ஷாஃப்டை உள்ளே தள்ளுமுன் மெக்கானிக் பழந்துணியால் அழுக்கைத் துடைக்கிறார். குழாயில் ஓர் அம்புக்குறி, அது நுழையும் முனையில் இன்னோர் அம்புக்குறி, தொட்டால்தான் தெரியும் அளவுக்குத் தேய்ந்தவை. விரலால் தடவி இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்துகிறார்.

“இப்ப தள்ளு,” என்கிறார்.